கணக்கு மேசை: ஆடிக் காற்றைக் கழித்துப் பார்த்தால்

கேள்வி: நூற்பாலையில் வேலை பார்த்தவர் கூடைப்பந்துக் கணக்கு எழுத வந்தது எப்படி? இரண்டுக்கும் என்ன சம்பந்தம், அம்மா?
— ஒரு வாசகர், சூலூர்

மாலை ஐந்து மணிக்கு வேலை முடியும், ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கும். சம்பந்தம் அவ்வளவுதான் என்று முதலில் நானும் நினைத்திருந்தேன்.

கோவையில் ஒரு மில்லின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நூலை 120 கஜம் சுற்றி எடை போடுவது என் வேலை. அந்தச் சுற்றுக்கு லீ என்று பெயர். ஒரு லீ 25 கிரெயின் எடை இருந்தால் அது 40-ம் நம்பர் நூல். ஆயிரத்தை எடையால் வகுத்தால் நம்பர் வந்துவிடும். ஆனால் எந்த லீயும் அச்சாக 25 நிற்காது. ஒன்று 24.6 இருக்கும், அடுத்தது 25.5 இருக்கும். புதிதாக வந்த மேஸ்திரி ஒருவர் ஒவ்வோர் எடைக்கும் பதறுவார். எடை கூடினால் நூலின் பருமனைத் திருத்தும் பல்சக்கரமான பினியனை மாற்றுவார், குறைந்தால் பழையதையே திரும்ப மாட்டுவார். அவர் இருந்த மாதங்களில் நூல் முன்பைவிட அதிகமாக ஏறி இறங்கியது. இயந்திரம் தன்போக்கில் ஆடுகிறதா, பழுதாகி ஆடுகிறதா என்று பிரித்துக் காட்ட வால்டர் ஷூஹார்ட் என்ற அமெரிக்கர் 1924-ல் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. புள்ளி இரண்டுக்கும் நடுவே விழுந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அந்த வரைபடம் எங்கள் பிரிவின் சுவரிலேயே தொங்கியது. மேஸ்திரி அதற்குக் கீழே நின்றுகொண்டுதான் பினியனை மாற்றச் சொல்வார்.

ஒரு தோல்வி வந்ததும் முதல் ஐவரில் மூவரை மாற்றும் பயிற்சியாளர்களை மேசையில் உட்கார்ந்தபடி பார்க்கும்போதெல்லாம் அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

கேள்வி: கல்லூரியில் புள்ளியியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். எங்கள் மகளிர் கூடைப்பந்து அணிக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். இந்தப் பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றோம், சராசரி 48 புள்ளி. அடுத்த நான்கிலும் வென்றுவிட்டோம், சராசரி 59. தினமும் காலையில் மூன்று புள்ளி எறிதலை 100 முறை பழக வைத்ததுதான் காரணம் என்கிறார் பயிற்சியாளர். வாரம் ஒருமுறை சென்னிமலைப் படியேறுவதாக வேண்டிக்கொண்டதுதான் காரணம் என்கிறாள் அணித்தலைவி. இரண்டுமே ஐந்தாம் ஆட்டத்துக்கு முந்தைய வாரம் தொடங்கியவை. முதல் மூன்று ஆட்டங்கள் ஆடி மாதத்தில் உடுமலைப் பக்கம் திறந்தவெளி மைதானத்தில் நடந்தன, கடைசி நான்கும் புரட்டாசியில் உள்ளரங்கில் நடந்தன. எட்டு ஆட்டங்களின் தாள்களையும் நகலெடுத்து அனுப்பியிருக்கிறேன். யார் சொல்வது சரி?
— ஒரு மாணவி, பெருந்துறை

கண்ணு, உன் தாள்களோடு இரண்டு இரவு உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒரு பாராட்டு. சர்வதேசக் கூட்டமைப்பின் ஸ்கோர் தாளில் விழுந்த கூடைக்குத்தான் இடம் உண்டு. இரண்டு புள்ளிக்குச் சாய்கோடு, ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஒரு புள்ளி எறிதலான ஃப்ரீ த்ரோவுக்கு நிரப்பிய வட்டம், மூன்று புள்ளி என்றால் வீராங்கனையின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். தவறிய எறிதல் அதில் எங்கும் பதிவாகாது. நீ ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் தவறியவை, தவறிய பந்தைத் திரும்பப் பிடித்த ரீபவுண்ட், எறியாமலேயே பந்தைப் பறிகொடுத்த டர்னோவர் எல்லாவற்றையும் ஐந்தைந்து கோடுகளாகப் போட்டு வைத்திருக்கிறாய். அது இல்லாவிட்டால் நானும் சென்னிமலை முருகனையே கைகாட்டியிருப்பேன்.

ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்ற சராசரியை நான் நம்புவதில்லை. வேகமாக ஓடி ஆடும் அணிக்குப் பந்து அதிக முறை கையில் வரும், புள்ளியும் கூடும். எதிரணிக்கும் அப்படியே கூடும். ஆகவே பந்து எத்தனை முறை நம் கைக்கு வந்தது என்பதுதான் முதல் கணக்கு. எறிதல்களின் எண்ணிக்கையில் நம்மவர்களே திரும்பப் பிடித்த ரீபவுண்டைக் கழித்து, டர்னோவரைக் கூட்டி, ஃப்ரீ த்ரோவில் 0.44 பங்கைச் சேர்க்க வேண்டும். முதல் நான்கு ஆட்டங்களுக்கு 240 − 40 + 100 + 22 = 322. அடுத்த நான்குக்கு 272 − 44 + 76 + 22 = 326. வேகம் மாறவே இல்லை. ஆனால் 322 முறையில் 193 புள்ளி எடுத்தவர்கள் 326 முறையில் 236 எடுத்திருக்கிறார்கள். நூறு முறைக்கு 60 என்பது 72 ஆகியிருக்கிறது. முன்னேற்றம் இருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. கூடுதலாக வந்த 43 புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும்.

மூன்று புள்ளி எறிதலில் 18, இரண்டு புள்ளியில் 20, ஃப்ரீ த்ரோவில் 5.

பயிற்சியாளரின் பதினெட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதல் நான்கு ஆட்டங்களில் 60 எறிந்து 12 விழுந்தன. அடுத்த நான்கிலும் அதே 60 எறிந்து 18 விழுந்தன. 20 சதவீதம் 30 ஆகிவிட்டது, அவர் மார்தட்டுவதில் வியப்பில்லை. ஆனால் உங்கள் அணியின் திறமை கொஞ்சமும் மாறாமல் 25 சதவீதத்திலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 எறிதலுக்குச் சராசரியாக 15 விழ வேண்டும். 60, 0.25, 0.75 மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 3.35. அதாவது பதினைந்திலிருந்து மூன்று நான்கு ஏறுவதும் இறங்குவதும் சாதாரணம். 12 என்பது மூன்று கீழே, 18 என்பது மூன்று மேலே. என் லீ எடை 24.6-ம் 25.5-ம் போலத்தான். இந்த அளவு வித்தியாசத்தைக் கொஞ்சமாவது நம்ப ஒவ்வொரு பக்கமும் 150 எறிதல் வேண்டும். உங்கள் அணி எறியும் வீதத்தில் அது பத்து ஆட்டம். காலைப் பழக்கம் வீண் என்று நான் சொல்லவில்லை. பலன் தெரிய நாளாகும்.

போதாததற்குக் காற்று வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலை நட்டிருக்கிறார்கள். அம்மியே பறக்கும் மாதத்தில், 6.75 மீட்டர் தூரத்திலிருந்து, அதுவும் திறந்தவெளியில் எறிந்த பந்து அது. உடுமலைக்கு அருகே ஓர் ஆட்டத்தில் என் ஸ்கோர் தாளே பறந்து எதிரணியின் பெஞ்சுக்குப் போய்விட்டது, அவர்கள் பயிற்சியாளர்தான் எடுத்துக் கொடுத்தார். நான்கில் மூன்று ஆட்டம் ஆடிக் காற்றில் நடந்தபோது 12, புரட்டாசியில் கூரைக்குக் கீழே 18 என்றால் காற்றின் பங்கைக் கழிக்காமல் எவர் கழுத்திலும் மாலை போட முடியாது. 50-க்கு 25 என்றிருந்த ஃப்ரீ த்ரோ 30 ஆனதையும் நான் இதே கணக்கில்தான் எழுதுவேன்.

இப்போது இரண்டு புள்ளிக்கு வருகிறேன். உன் தாளில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். முதலில் 180 எறிந்து 66, பிறகு 212 எறிந்து 76. சதவீதம் 36.7-லிருந்து 35.8-க்கு இறங்கியிருக்கிறது. குறி கொஞ்சம்கூட மேம்படவில்லை, ஆனால் 20 புள்ளி கூடுதல். 32 எறிதல்கள் அதிகமாகக் கிடைத்திருக்கின்றன. எப்படிக் கிடைத்தன? பந்து கைக்கு வந்தது நான்கு முறை அதிகம், திரும்பப் பிடித்த ரீபவுண்ட் நான்கு அதிகம், டர்னோவர் 24 குறைவு. மொத்தம் 32. தறியில் இழை எண்ணிப் பார்த்ததுபோல் கச்சிதமாக நிற்கிறது.

டர்னோவர் என்றால் கூடையை நோக்கி எறியாமலேயே பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுவது. தவறான பாஸ், பந்தைத் தட்டாமல் அடியெடுத்து வைக்கும் டிராவலிங், கையிலிருந்து பறிகொடுப்பது எல்லாம் அதில் சேரும். நூறு முறைக்கு 31 என்றிருந்தது 23 ஆகியிருக்கிறது. இடைவெளி எட்டுதான். ஆனால் இங்கே அடிப்படை எண் முந்நூற்றுச் சொச்சம். அதனால் தற்செயலாக ஆடக்கூடிய அளவு மூன்றரைதான் வருகிறது, எட்டு என்பது அதைப்போல் இரு மடங்குக்கு மேல். மூன்று புள்ளி எறிதலில் இடைவெளி பத்து இருந்தும் தற்செயல் எட்டு வரை ஆடும். பெரிய இடைவெளியைச் சந்தேகப்பட்டுச் சிறிய இடைவெளியை நம்புவது உன் பயிற்சியாளருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். 60 எங்கே, 322 எங்கே என்று அவரிடம் கேள்.

டீன் ஆலிவர் என்ற அமெரிக்கர் 2004-ல் ஆட்டத்தின் வெற்றியை நான்கு காரணிகளாகப் பிரித்தார். எறிதல் திறனுக்கு 40 சதவீதம், டர்னோவருக்கு 25, ரீபவுண்டுக்கு 20, ஃப்ரீ த்ரோவுக்கு 15 என்று ஏறக்குறைய எடை போட்டார். எறிதலுக்கே முதலிடம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பருவம் தொடங்கி எட்டு ஆட்டமே ஆன நிலையில் ஒரு தாளை என் கையில் கொடுத்தால் நான் முதலில் பார்ப்பது டர்னோவரைத்தான்.

அந்த 24-ஐ நீ ஆள்வாரியாகவும் எழுதியிருக்கிறாய். பந்தைக் கொண்டு வரும் இரண்டாமாண்டுப் பெண்ணின் கணக்கில் 41 இருந்தது 22 ஆகியிருக்கிறது. குறைந்ததில் 19 அவளுடையது. ஐந்தாம் ஆட்டத்திலிருந்து எதிரணி முழு மைதானத்திலும் மறித்து ஆடும்போது அவளுக்குத் துணையாக இன்னொருத்தி பின்னால் வந்து பந்து வாங்கினாள் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறாய். அந்த ஏற்பாட்டைச் செய்தது யார்? உன் பயிற்சியாளர்தானே! நல்ல காரியத்தைச் செய்துவிட்டு அதை மறந்து, வேறொன்றுக்குப் பெருமை தேடிக்கொண்டிருக்கிறார் மனிதர்.

இனி இரண்டு குறைகள். எதிரணியின் தவறிய எறிதலையும் டர்னோவரையும் நீ எழுதவே இல்லை. அவர்கள் எடுத்த புள்ளி 229-லிருந்து 216-க்கு இறங்கியிருக்கிறது. அது உங்கள் தடுப்பாட்டமா, அவர்களுடைய சோம்பலா, வந்தவர்களே எளிய அணிகளா என்று சொல்ல வழியில்லை. நல்ல வேளையாக ஓர் அணியை முதல் ஆட்டத்திலும் ஏழாம் ஆட்டத்திலும் சந்தித்திருக்கிறீர்கள். முதலில் 26 டர்னோவர், 14 புள்ளியில் தோல்வி. பிறகு 19 டர்னோவர், 2 புள்ளியில் வெற்றி. ஒரே ஓர் ஒப்பீடுதான், ஆனாலும் அதே ஆட்களுக்கு எதிராகவும் டர்னோவர் குறைந்தது என்பது எனக்குத் தெம்பு தருகிறது.

இன்னொன்று. நான்கு வெற்றிகளின் இடைவெளிகள் 1, 2, 3, 14. கடைசி நொடியில் வளையத்தில் சுற்றிய மூன்று பந்துகள் வெளியே விழுந்திருந்தால் நான்கில் ஒரு வெற்றி என்று எனக்கு எழுதியிருப்பாய், என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்டிருப்பாய். அப்போதும் நூறு முறைக்கு ஏறக்குறைய 70 புள்ளி வந்திருக்கும்.

சென்னிமலைக்கு வருகிறேன். படியேற்றமும் எறிதல் பழக்கமும் ஒரே வாரத்தில் தொடங்கியதால், இரண்டையும் பிரித்துக் காட்ட எந்தக் கணக்காலும் முடியாது. ஒன்றைப் பத்து நாள் முன்பும் மற்றதைப் பத்து நாள் பின்பும் தொடங்கியிருக்க வேண்டும். முருகனிடம் தேதி தள்ளிவைக்கச் சொல்ல முடியாதுதான், பயிற்சியாளரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் தலைவியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1,320 படி ஏறி இறங்கும் கால்கள் கடைசிப் பத்து நிமிடத்தில் தளராமல் நிற்கும். தளர்ந்த கால்தான் டிராவலிங் செய்யும், தளர்ந்த கைதான் பாஸைக் குட்டையாகப் போடும். டர்னோவர் நான்காம் கால் பகுதியில் மட்டும் குறைந்திருந்தால் படியேற்றத்துக்கும் ஒரு பங்கு கொடுத்தே ஆக வேண்டும். நான்கு பகுதிகளிலும் சீராகக் குறைந்திருந்தால் இருவர் சேர்ந்து பந்து கொண்டு வந்த ஏற்பாடுதான் காரணம்.

அதைத்தான் பார்க்க முடியவில்லை. முதல், மூன்றாம் பகுதிகளுக்குச் சிவப்பு மையும் இரண்டாம், நான்காம் பகுதிகளுக்கு நீலமும் என்ற விதிப்படி பின்பக்கக் கோடுகளையும் இரண்டு நிறத்தில் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். அனுப்பியதோ கறுப்பு வெள்ளை நகல். எல்லாக் கோடும் ஒரே சாம்பல் நிறம். வண்ண நகல் எடுத்து அனுப்பு, செலவை நான் தருகிறேன்.

கேள்வி: எல்லாரும் 0.44 என்கிறார்கள். ஏன் பாதி, அதாவது 0.5 இல்லை?
— ஓர் உடற்கல்வி ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தால் இரண்டாவதோடுதான் பந்து கைமாறும், ஆகவே பாதி என்று தோன்றுகிறது. ஆனால் கூடை விழுந்த பிறகு கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோ, டெக்னிகல் ஃபவுலுக்குக் கிடைப்பது, மூன்று புள்ளி எறியும்போது ஃபவுல் செய்ததால் கிடைக்கும் மூன்று எல்லாம் சேர்ந்து அந்தப் பாதியைக் கரைக்கின்றன. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டங்களை எண்ணிப் பார்த்து எடுத்த எண் 0.44. அங்கேயே கல்லூரி ஆட்டத்துக்கு 0.475 என்று வைத்துக்கொள்கிறார்கள். நம் ஊர் ஆட்டத்துக்கு எது என்று நீங்களே இருபது ஆட்டம் எண்ணிப் பார்க்கலாம். அதுவரை 0.44 போதும், பந்து கைக்கு வந்த கணக்கில் தவறு வந்தால் ஓரிரு முறைதான் வரும்.

கேள்வி: என் மகன் தொடர்ந்து மூன்று கூடை போட்டுவிட்டால் மொத்த அணியும் அவனுக்கே பந்தைக் கொடுக்கிறது. கை சூடாகிவிட்டது என்கிறார்கள். அப்படி ஒன்று உண்மையில் உண்டா?
— ஒரு பின்னலாடை அச்சக உரிமையாளர், திருப்பூர்

இதில் நான் ஒருமுறை கட்சி மாறியவள். 1985-ல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி என்ற மூவர் பிலடெல்பியா அணியின் ஆட்டங்களை எண்ணிப் பார்த்து, கூடை போட்டவுடன் அடுத்ததும் விழும் வாய்ப்பு கூடவில்லை, சூடு என்பது பார்ப்பவர் கண்ணில்தான் என்று எழுதினார்கள். மேசையில் பல ஆண்டுகள் அதையே நானும் சொல்லித் திரிந்தேன், பல பயிற்சியாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிறகு 2018-ல் மில்லர், சன்ஹுர்ஹோ என்ற இருவர் அந்த எண்ணும் முறையிலேயே ஓர் ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். நீங்களே ஒரு நாணயத்தை எடுத்து மூன்று முறை சுண்டுங்கள். எட்டு விதமாக விழலாம். தலைக்கு அடுத்து இன்னொரு சுண்டல் உள்ள வரிசைகள் ஆறு. ஒவ்வொன்றிலும் தலைக்கு அடுத்தும் தலையே விழுந்த விகிதத்தை எடுத்து அந்த ஆறுக்கும் சராசரி பாருங்கள். பாதி வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வருவது பன்னிரண்டில் ஐந்து, அதாவது சுமார் 42 சதவீதம். நாணயத்துக்கே 42 வருகிறது என்றால், வீரருக்கு 50 வந்தால் அவருக்கு உண்மையிலேயே கொஞ்சம் சூடு இருக்கிறது என்றுதான் பொருள். காகிதத்தில் ஆறு வரிசையையும் எழுதிப் பார்த்த அன்று நான் இரண்டு பழைய பயிற்சியாளர்களுக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் எதற்கு என்றே தெரியாமல் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்.

ஆனால் உங்கள் மகன் விஷயம் வேறு. மூன்று விழுந்ததும் எதிரணி அவன் மேல் இரண்டு ஆளைப் போடும், அவன் நான்காவதைப் பத்தடி தள்ளி நின்று எறிவான். சூடு கூட்டுவதைவிட இந்த அவசரம் அதிகமாகக் குறைத்துவிடும். இருவர் அவனிடம் போனால் இன்னொருவன் ஆளில்லாமல் நிற்கிறான் என்று பொருள், பந்து அங்கே போகட்டும்.

கேள்வி: என் மகள் ஒரு ஆட்டத்தில் களத்தில் இருந்த 11 நிமிடங்களில் அணிக்கு ஒன்பது புள்ளி பின்னடைவு என்று கணக்குக் காட்டி, அவளை முதல் ஐவரிலிருந்து நீக்கிவிட்டார்கள். இது நியாயமா?
— ஒரு தந்தை, பொள்ளாச்சி

இல்லை. 11 நிமிடம் என்றால் இரு பக்கமும் சேர்த்துப் பந்து ஏறக்குறைய 44 முறை கைமாறியிருக்கும். அவ்வளவு சிறிய துண்டில் சமபலமுள்ள அணிகளுக்கு இடையிலேயே ஆறு ஏழு புள்ளி தானாக ஏறி இறங்கும். அந்த 11 நிமிடத்தில் அவளோடு களத்தில் இருந்த நால்வர் யார், எதிரே நின்ற ஐவர் யார் என்றும் பார்க்க வேண்டும். குறைந்தது பத்து ஆட்டத்தின் கணக்கைக் கேளுங்கள்.

கேட்கப் போகும்போது உங்கள் கடிதத்தின் மற்ற இரண்டரைப் பக்கங்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அதில் மற்றப் பெண்களைப் பற்றி எழுதியிருக்கும் எதற்கும் நீங்கள் ஓர் எண்கூடக் காட்டவில்லை.